கத்தியும் காத்திருப்பும்: குடல்வால் அழற்சி மருத்துவத்தின் வரலாறு

1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா நடைபெறவிருந்தது. பல நாட்டு விருந்தினரும் வந்து இறங்கிவிட்டனர். விழாவுக்கு இரண்டே நாள் இருக்கையில், மன்னர் நோயுற்றிருப்பதால் விழா ஒத்திவைக்கப்படுகிறது என்னும் அறிவிப்பு வெளிவந்தது. மன்னரின் வலப்பக்க அடிவயிற்றில் குடல்வால் அழற்சியால் சீழ்க்கட்டி உண்டாகியிருந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையின் அறையொன்றிலேயே சர் பிரெடரிக் டிரீவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர் மன்னரின் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். ஆகஸ்டு 9ஆம் நாள் முடிசூட்டு விழா நடந்தேறியது. மன்னர் 1910ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியை அறுவைக் கலையின் வெற்றியாகவே பலரும் எடுத்துரைப்பர். அது தவறன்று. ஆயினும் அதில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. டிரீவ்ஸ் அன்று மன்னரின் குடல்வாலை வெட்டி எடுக்கவில்லை. சீழுக்கு மட்டும் வழிசெய்துவிட்டு, நோய்க்கு முதலான உறுப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். எதனை வெட்டுவது என்பதோடு எதனை வெட்டாமல் விடுவது என்பதும் மருத்துவ அறிவே. அந்த இரண்டாவது அறிவு வளர்ந்த கதையையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சிறு விளக்கம். பெருங்குடலின் தொடக்கத்தில் மண்புழுவைப் போல் தொங்கும் சிறு குழாயே குடல்வால். ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் இந்நோயைப் பெருங்குடலின் தொடக்கப் பகுதியைச் சூழ்ந்த அழற்சி என்றே கருதி, அதற்கேற்பப் பெயரும் இட்டிருந்தனர். 1886ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக நோயியல் பேராசிரியர் ரெஜினால்டு ஃபிட்ஸ், இறந்தோர் உடல்களில் கண்ட சான்றுகளைத் தொகுத்து, நோயின் மூலம் அந்தச் சிறு வாலே என்று நிறுவினார். ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என்னும் சொல்லையும் வழங்கினார். இலத்தீன் அடியும் கிரேக்க ஈறும் கலந்த கலப்புச்சொல் அது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியில் இச்சொல்லுக்குரிய பகுதி 1885இலேயே வெளிவந்துவிட்டது. அதில் இச்சொல் இல்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து மன்னருக்கு நோய் வந்தபோது, பேரகராதியில் இல்லாத சொல்லை நாளிதழ்களெல்லாம் எழுதின. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

பெயர் தெளிவானதும் மருந்து என்ன என்னும் வினா எழுந்தது. குடல்வால் வீங்கியிருக்கும் தொடக்க நிலையில் அதனை அகற்றிவிட்டால் நோயாளி பிழைக்கிறார் என்பது விரைவில் தெளிவாயிற்று. சிக்கல், காலம் தாழ்ந்து வருவோரிடம்தான். நான்கைந்து நாள் வலியைப் பொறுத்திருந்து வருவோருக்குக் குடல்வாலில் துளை விழுந்திருக்கும். சிலரிடம் அந்த நஞ்சு வயிறு முழுவதும் பரவியிருக்கும். வேறு சிலரிடம் குடலின் முன்னே தொங்கும் கொழுப்புத் திரையும் அண்டைக் குடற்சுருள்களும் வந்து சூழ்ந்து, புண்ணைச் சுற்றி மதில் எழுப்பியிருக்கும். கை வைத்தால் கட்டியாகத் தட்டுப்படும். அந்த மதிலுக்குள் சீழ் தேங்கினால் அது சீழ்க்கட்டி. மருத்துவர் சிக்கலுற்ற குடல்வால் அழற்சி என்று கூறுவது இத்தகைய நிலைகளையே. உடல் தானே கட்டிய மதிலைக் கத்தியால் உடைப்பதா, காப்பதா? நூறாண்டுக்கு மேலாகத் தொடரும் வழக்கு இது.

டிரீவ்ஸ் தொடக்கத்தில் பொறுமையின் பக்கம் நின்றவர். நோய் தணிந்தபின் அறுவை செய்வதே நலம் என்று வாதிட்டவர். அவருடைய மகளே 1900ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தார். இரண்டாண்டு கழித்து மன்னரின் படுக்கையருகே நின்றபோது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

அதே 1902இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஆல்பர்ட் ஆக்ஸ்னர் என்னும் அறுவை மருத்துவர் இந்நோய் பற்றி ஒரு கையேட்டை வெளியிட்டார். உணவும் நீரும் வாய்வழி உட்சென்றால் குடல் அசைகிறது; குடல் அசைந்தால் மதில் குலைகிறது; நஞ்சு பரவுகிறது. ஆகவே காலம் கடந்து வந்தவருக்கு வாய்வழி எதுவும் தராமல், இரைப்பையைக் கழுவி, குடலை அசையாமல் கிடக்கவிட வேண்டும். நோய் ஓரிடத்தில் அடங்கியபின் அறுவை செய்யலாம். இதுவே அவர் முறை. அதே நகரின் புகழ்பெற்ற மருத்துவர் ஜான் மர்ஃபி உடனடி அறுவையே வேண்டும் என்று முழங்கியவர். ஆக்ஸ்னரை அறுவைக்கு எதிரானவர் என்று எண்ணியோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். நமக்கு அது அவருக்கு இழைக்கும் அநீதியாகவே தோன்றுகிறது. நோயின் தொடக்கத்தில் வந்தவருக்கு உடனே அறுவை செய்யவேண்டும் என்பதே அவர் கொள்கை.

இலண்டனில் ஜேம்ஸ் ஷெரன் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். இருவர் பெயராலும் ஆக்ஸ்னர்-ஷெரன் முறை என்றே மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாகக் கற்றுவந்தனர். இது சும்மா இருத்தலன்று. கட்டியின் எல்லையை நோயாளியின் தோல்மீதே மையால் வரைந்து வைப்பர். நாடித்துடிப்பை விடாது குறிப்பர். துடிப்பு ஏறினாலோ, கட்டி கோட்டைத் தாண்டினாலோ, வலி பரவினாலோ, வாந்தி மிகுந்தாலோ காத்திருப்பு அக்கணமே முடிந்தது, கத்தி எடுக்கப்படும்.

நம் வட்டாரக் கடலோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1942 செப்டம்பர் 11ஆம் நாள் தென்சீனக் கடலின் அடியில் ‘சீடிராகன்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் டேரல் ரெக்டர் என்னும் இளம் மாலுமி வயிற்றுவலியால் துடித்தார். கப்பலில் மருத்துவர் இல்லை. மருந்தாளுநர் பணியிலிருந்த வீலர் லைப்ஸ் என்பவர் சாப்பாட்டு மேசைமீது அவரைக் கிடத்தி, கரண்டிகளை வளைத்துக் காயத்தை விரித்துப் பிடிக்கச் செய்து, தேநீர் வடிகட்டியால் ஈதர் மயக்கம் தந்து, குடல்வாலை அகற்றினார். மாலுமி பிழைத்தார். இச்செய்தியை எழுதிய ஜார்ஜ் வெல்லருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கடற்படை மருத்துவத் தலைமையோ மகிழவில்லை. பிற கப்பல்களிலும் இத்துணிச்சல் தொடர்ந்தால் என்னாகும் என்று அஞ்சி, மருந்தும் ஓய்வுமே முதல் வழி என்று வற்புறுத்தியது. பிழைத்த ரெக்டர் 1944இல் ‘டாங்’ என்னும் நீர்மூழ்கி தான் ஏவிய குண்டாலேயே மூழ்கியபோது மடிந்தார்.

அந்தப் போர்க்காலமே பெனிசிலினையும் பரவச் செய்தது. காத்திருப்புக்குப் படைக்கலம் கிடைத்தது. இங்கிலாந்தில் எரிக் கோல்டிரி என்னும் மருத்துவர் 471 நோயாளிகளை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொண்டு பேணி, 1959இல் அதன் விளைவை வெளியிட்டார். இறப்பு மிகக் குறைவு. ஆயினும் ஏழில் ஒருவருக்கு நோய் மீண்டும் வந்தது. மருந்து எல்லாருக்கும் போதாது என்பதை அண்டார்க்டிகாவும் காட்டிற்று. 1961 ஏப்ரல் இறுதியில் சோவியத் நிலையமொன்றின் ஒரே மருத்துவரான லியோனிட் ரோகசோவ் தமக்கே இந்நோய் வந்தபோது முதலில் மருந்தைத்தான் நம்பினார். அது பலிக்காமற்போகவே, தம் வயிற்றைத் தாமே அறுத்துக் குடல்வாலை அகற்றினார். அப்போது அவருக்கு வயது 27.

அதன்பின் வந்த பெருமாற்றம் வயிற்றின் உள்ளே பார்க்க முடிந்ததுதான். கேளா ஒலிப் படமும் கணினி ஊடுகதிர்ப் படமும் வந்தபின், சீழ் எங்கே, எவ்வளவு என்று கண்டு, தோல்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி வடித்துவிட இயன்றது. டிரீவ்ஸ் அரண்மனையில் கத்தியால் செய்ததை இன்று ஊசித் துளையொன்று செய்கிறது. 2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் அதுவரை வெளிவந்த 61 ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்தனர். கட்டியோ சீழ்க்கட்டியோ உண்டானவர்களுக்கு அறுவையற்ற மருத்துவம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரிடமே தோற்றது. ஐந்தில் ஒருவருக்குச் சீழ் வடிக்கவேண்டியிருந்தது. உடனடி அறுவையில் சிக்கல்கள் மும்மடங்குக்கு மேல் மிகுந்திருந்தன. நோய் திரும்பியவரும் நூற்றுக்கு 7 பேர் அளவே. அப்படியானால் கட்டி கரைந்து நலமடைந்தவருக்குப் பின்னொரு நாள் குடல்வாலை அகற்றுவது எதற்கு என்ற வினா வலுப்பெற்றது.

இவ்வினாவைத் தீர்க்கவே பின்லாந்தில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. சீழ்க்கட்டி ஆறியவர்களுள் ஒரு பிரிவினருக்குக் குடல்வால் அகற்றப்பட்டது; மறு பிரிவினர் காந்த அதிர்வுப் படம்கொண்டு கண்காணிக்கப்பட்டனர். 60 பேர் சேர்ந்த நிலையிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. எதிர்பாராத வகையில் பலரது குடல்வாலில் புற்றுக்கட்டிகள் தென்பட்டன. 2019இல் முடிவுகள் வெளிவந்தபோது அந்த 60 பேரில் 12 பேருக்கு அவை இருந்தமை தெரியவந்தது. பன்னிருவரும் 40 வயதைக் கடந்தவர்கள். தொடக்கநிலை அழற்சியில் இத்தகைய கட்டி அரிது. கட்டி குழாயை அடைத்ததாலேயே அழற்சி வந்து, அதுவே சீழாகவும் முற்றியிருக்கக்கூடும்.

ஆகவே, 40 வயதைக் கடந்த ஒருவர் சீழ்க்கட்டியிலிருந்து மருந்தாலும் குழாயாலும் மீண்டு, வலியின்றி வீடு திரும்பியபின், அவரை மீண்டும் அழைத்துப் பெருங்குடலை ஆராய்ந்து, குடல்வாலை அகற்றும்படி அறிவுரை கூறும் மருத்துவர்கள் இன்று பெருகியுள்ளனர். டிரீவ்ஸ் தம் மன்னரை அவ்வாறு இரண்டாம் முறை மேசைக்கு அழைக்கவில்லை. அப்போது எட்வர்டு மன்னருக்கு வயது 60.