அலகநந்தையின் வெள்ளமும் வதரி யாத்திரையும்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் தில்லிவாழ் தமிழராகிய நமக்கு இரண்டே நினைவுகள். ஒன்று தெற்கே ஊருக்குச் செல்லும் புகைவண்டி. மற்றொன்று வடக்கே வதரிகாசிரமம். ஆழ்வார் பாடல் பெற்ற திருவதரியும், கண்டமென்னும் கடிநகர் எனப்படும் தேவப்பிரயாகையும் அலகநந்தைக் கரையிலேயே அமைந்துள்ளன. ஆற்றின் அழகைப் பாராட்டி எழுதியோர் பலர். அதன் சீற்றத்தின் வரலாற்றைச் சிறிது கூற விரும்புகிறோம்.

மோட்டார்ச் சாலை தோன்றுமுன் யாத்திரிகர் ஆற்றோரமாகவே நடந்து சென்றனர். சில கல் தொலைவுக்கு ஒன்றாகச் 'சட்டி' எனப்படும் தங்குமிடங்கள் இருந்தன. (நம் வீட்டுச் சட்டிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!) 1893ஆம் ஆண்டு செப்டம்பரில், அலகநந்தையின் கிளையாறான பிரஹி கங்கையின் பள்ளத்தாக்கில், கோனா என்னும் சிற்றூரருகே மலையொன்று சரிந்து ஆற்றை மறித்தது. ஏறத்தாழ 900 அடி உயரமுள்ள அணையை இயற்கையே கட்டிவிட்டாற் போலாயிற்று. பின்னால் நீர் தேங்கி ஏரியாகப் பெருகத் தொடங்கியது.

அன்றைய பொறியாளர்கள் அணையைப் பார்வையிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டு நடுவில் நீர் அதன் மேல் வழியும் என்று கணித்தனர். கணக்கு பெரிதும் பிழைபடவில்லை. இடையே கிடைத்த காலத்தில் கோனாவிலிருந்து அரித்துவாரம் வரை தந்திக் கம்பி இழுத்தனர்; வெள்ளம் எட்டக்கூடிய எல்லையைக் காட்டக் கற்கள் நட்டனர்; தொங்கு பாலங்களைக் கழற்றி எடுத்தனர்; கரையூர் மக்களை மேட்டிலேற்றினர். 1894 ஆகஸ்டு 25ஆம் நாள் காலை நீர் வழியத் தொடங்கி, அன்று நள்ளிரவையொட்டி அணை உடைந்தது. கடுவாலின் பழைய தலைநகராகிய சிறீநகர் (காஷ்மீரத்து நகரன்று) அடியோடு அழிந்தது. அரண்மனையும் கடைத்தெருவும் போயின, மக்களோ பிழைத்தனர். மாண்டோர் ஐவரே, வெளியேற்றப்பட்ட பின்னும் திரும்பிச் சென்ற பக்கிரி ஒருவரும் அவர் குடும்பத்தாருமாம். எஞ்சியோர் அருகிலிருந்த மேட்டில் புதியதோர் ஊர் கண்டனர்.

உடைப்பிற்குப் பின்னும் ஏரியின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. 1970 சூலை 20ஆம் நாள் பெய்த பெருமழையில் அதுவும் மண்ணும் கல்லும் நிரம்பி மறைந்தது. அன்றே பிரஹி சேருமிடத்திற்கு மேலே பேலாகூச்சி என்னும் ஊர் அலகநந்தையில் அடித்துச் செல்லப்பட்டது. யாத்திரிகர் பேருந்துகள் பல அங்கே நின்றிருந்தன, அவையும் போயின. நெடுந்தொலைவிலுள்ள அரித்துவாரத்தில் கங்கைக் கால்வாய் வண்டலால் அடைபட்டு, சமவெளி உழவரும் துன்புற்றனர். மலைமேல் மரம் வெட்டினால் ஆற்றில் மண் பெருகும் என்பதை, நிவாரணப் பணிக்குச் சென்ற கோபேசுவரத்துச் சர்வோதயத் தொண்டர்கள் நேரிற் கண்டனர். மூன்றாண்டிற்குள் மரங்களைத் தழுவிக் காக்கும் சிப்கோ இயக்கம் அம்மலைகளில் எழுந்தது.

2013 சூன் 16, 17 நாள்களில் நேர்ந்ததை நம்மிற் பலர் மறந்திரார். அலகநந்தையின் மற்றொரு கிளையாகிய மந்தாகினியின் தலைப்பில், கேதாரநாதத்திற்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. வழியிலிருந்த ராம்பாடா என்னும் தங்குமிடம் இருந்த சுவடின்றிப் போயிற்று. 1894இல் ஓராண்டு அவகாசம் இருந்தது; இங்கோ ஒரு நாளும் இல்லை. எனினும் கனமழை பெய்யுமென்ற எச்சரிக்கை வந்திருந்தும் யாத்திரை நிறுத்தப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சாலைகள் அறுந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆங்காங்கே சிக்கினர். இராணுவத்தினரும் விமானப்படையினரும் அவர்களை மீட்டனர்.

நாம் ஒருவார விடுமுறைக்குச் செல்லும் அவ்விடம், மலைமக்களுக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு தரும் வயல். கோவில் நடை திறந்திருக்கும் ஆறு மாதமே அவர்களது அறுவடைக் காலம். மட்டக்குதிரை ஓட்டுவோர், பூசாரிகள், கடைக்காரர் ஆகியோருடன் பள்ளி விடுமுறையில் தந்தைக்குத் துணையாகச் சென்ற சிறுவர்களும் கேதாரத்தில் இருந்தனர். குப்தகாசியருகே தேவளி-பணிகிராமம் என்னும் ஊரில் ஆடவர் பலர் ஒருசேர மாண்டதால், செய்தித்தாள்கள் அதனைக் கைம்பெண்களின் ஊர் என்றே எழுதின. அப்பெண்களிற் சிலர் பின்னர்த் தையலும் நெசவும் கற்றுக் குடும்பம் காத்தனர்.

மேலே சென்றவர் எத்தனை பேர் என்ற கணக்கு அன்று எவரிடமும் இல்லை. உறவினர் புகைப்படங்களுடன் அரித்துவாரத்திலும் இருடிகேசத்திலும் தேடி அலைந்தனர். காணாமற் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழாண்டு வேண்டும். அரசு அதற்குக் காத்திராமல் ஒரு மாதத்தின் பின் உதவித்தொகை வழங்க முன்வந்தது. சில வீடுகளில் அதனை வாங்கக் கை நீளவில்லை; வாங்கினால் மகன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும் அன்றோ?

2014 முதல் யாத்திரிகர் பெயர்கள் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. இருடிகேசத்தில் அதற்காக வரிசையில் நின்று அலுத்துக்கொண்ட நம்மவர் உண்டு. நாமும் அவருள் அடக்கம்.