எக்ஸ்பாக்ஸ் 360: சிவப்பு வளையக் கோளாறும் வாங்கியோரின் எதிர்ப்பும்

அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி வட அமெரிக்காவிலும், அடுத்த சில வாரங்களுக்குள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் வீடியோ கேம் யந்திரம், வாங்கியோரின் வீடுகளில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ செவ்வனே இயங்கிவிட்டு, ஒரு நாள் திடீரென்று முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகளைச் சிமிட்டிச் செயலற்றுப்போன நிகழ்ச்சி, மின்னணுப் பொழுதுபோக்குச் சாதனங்களின் சரித்திரத்தில் மிகப் பெரிய நஷ்டத்தை விளைவித்த உற்பத்திக் குறைகளுள் ஒன்றாகும். ‘ரெட் ரிங் ஆஃப் டெத்’, அதாவது சிவப்பு மரண வளையம் என்று இதற்குப் பெயர் சூட்டியவர்கள் விளையாடுவோரே. குறை பரவலானது என்பதை முதலில் உணர்ந்தவர்களும், அதன் அறிகுறிகளை வகைப்படுத்தியவர்களும், உற்பத்தியாளர் வாய்திறவாத காலத்தில் தமக்குத் தெரிந்த பரிகாரங்களைச் செய்து பார்த்தவர்களும் அவர்களே ஆதலால், இக்கோளாற்றின் சரித்திரம் என்பது பெரும்பாலும் அதை வாங்கியோர் நடந்துகொண்ட விதத்தின் சரித்திரமே.

யந்திரத்தின் பிறப்பிலேயே அவசரம் இருந்தது. 2001இல் வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸ், ஜப்பானிய நிறுவனமான சோனியின் பிளேஸ்டேஷன் 2க்கு வெகுதூரம் பின்தங்கிவிட்டமையால், அடுத்த தலைமுறையிலாவது சோனியை ஓராண்டு முந்திக்கொண்டு சந்தைக்கு வந்துவிட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் நிர்வாகிகளின் திடசங்கற்பமாக இருந்தது. அவ்வாறே வந்தும் விட்டனர். ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய மூன்று உட்கருக்கள் கொண்ட மையச் செயலியும், ஏடிஐ நிறுவனம் வடிவமைத்த கிராஃபிக்ஸ் செயலியும் மெல்லிய பெட்டி ஒன்றனுள் அடைக்கப்பட்டன. டிவிடி டிரைவ் கிராஃபிக்ஸ் செயலிக்கு நேர்மேலே அமைந்துவிட்டதால், அச்செயலியின் உஷ்ணத்தை வெளியேற்றுவதற்குரிய உலோகத் தகடுகளை உயரமாக வைக்க இடமில்லாது போயிற்று. கைவிரல் நுழையாத அந்தச் சிறு இடைவெளியிலேதான் பின்னர் நேர்ந்த துன்பங்களில் பெரும்பகுதி ஒளிந்திருந்தது. 2008இல் டீன் தகாஹஷி என்னும் பத்திரிகையாளர் வெளியிட்ட நெடிய புலனாய்வுக் கட்டுரை, தொழிற்சாலையிலேயே அபாய அறிகுறிகள் தென்பட்டும் வெளியீட்டுத் தேதி தள்ளிவைக்கப்படவில்லை என்று விவரித்தது.

யந்திரத்தின் முகப்பில் மின்விசைப் பொத்தானைச் சுற்றி நான்கு கால்வட்டங்களாக அமைந்த ஒளிவளையம், எல்லாம் ஒழுங்காக இருக்கையில் பச்சை நிறம் காட்டும். இரண்டு கால்வட்டங்கள் சிவந்தால் உஷ்ணம் மிகுதி என்றும், நான்கும் சிவந்தால் தொலைக்காட்சிக்குச் செல்லும் கேபிள் இணையவில்லை என்றும் பொருள். மூன்று சிவந்து சிமிட்டினால் ‘பொதுவான வன்பொருள் கோளாறு’ என்பதற்கு மேல் கையேட்டில் விளக்கம் ஏதும் இல்லை. ஆனால் அந்நிலையில், கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக் கருவியை இணைப்பதற்கான சிறு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தட்டை வெளியே எடுக்கும் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தினால், ஒளிரும் விளக்குகளின் எண்ணிக்கை ஒவ்வோர் இலக்கமாக மாறிக் காட்டும் என்பதையும் (ஒன்று ஒளிர்ந்தால் 1, இரண்டானால் 2, நான்கும் ஒளிர்ந்தால் 0), அவ்வாறு நான்கு முறையில் பெறும் நான்கிலக்க எண் கோளாற்றின் இன்ன வகையைக் குறிக்கும் என்பதையும் உபயோகிப்போர் தமக்குள் பகிர்ந்து பரப்பினர். 0102 என்ற எண் மீண்டும் மீண்டும் தோன்றியது. உற்பத்தியாளர் வெளிப்படுத்தாத நோய்க்குறிப்பை ஊர் ஊராக இருந்த சாமானிய வாலிபர்கள் சேகரித்துவிட்டனர் என்பதை இக்கோளாற்றின் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பகுதியாக நான் கருதுகிறேன்.

முதல் ஒன்றரை ஆண்டுக்காலம் வாங்கியோர் ஒவ்வொருவரும் தனித்தனியே அவதியுற்றனர். அமெரிக்காவில் ஆரம்ப உத்தரவாதக் காலம் 90 நாட்களே. அது கடந்தபின் பழுது நேர்ந்தால், 300 அல்லது 400 டாலர் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மேலும் ஏறத்தாழ 140 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. யந்திரம் வெளிவந்த மறு மாதமே, 2005 டிசம்பரில், அது அதிக உஷ்ணமடைந்து நின்றுவிடுகிறது என்று சிக்காகோவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஒரு முறை பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பிய யந்திரம் மறுபடியும், சிலருக்கு மூன்றாம் நான்காம் முறையும் பழுதாகி, ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியில் அதே கேள்விகளுக்கு அதே விடைகளைச் சொல்ல நேர்ந்தபோது, சினம் விலையைப் பற்றியதாக மட்டும் இல்லாமல் மரியாதையைப் பற்றியதாகவும் மாறியது. பழுது விகிதத்தை வெளியிட நிறுவனம் மறுத்து, இத்தொழிலில் 3 முதல் 5 சதவிகிதப் பழுது வழக்கமானதே என்ற கூற்றையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. 2006 டிசம்பரில் உத்தரவாதத்தை ஓராண்டாக நீட்டி, அதற்குள் கட்டணம் செலுத்தியிருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது உண்மையே. எனினும் அப்போதும் குறை பொதுவானது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனில் தனியார் பழுதுநீக்கும் நிறுவனம் ஒன்று, மூன்று சிவப்பு விளக்கு யந்திரங்கள் அளவுக்கு மீறி வந்து குவிவதால் அவற்றை இனி ஏற்பதில்லை என்று 2007இல் அறிவித்த பின்னர், உலகறிந்த விஷயத்தை மறைப்பது வீணாயிற்று.

இந்த இடைக்காலத்தில் தோன்றிய சுயவைத்திய முறைகளுள் மிகப் பிரசித்தமானது துவாலை முறை. ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைக் காற்றுப் புகாதவாறு தடித்த குளியல் துவாலைகளால் சுற்றி, கால்மணி நேரமோ அதற்குச் சற்று அதிகமோ உள்ளே வெப்பம் ஏற விட்டு, பின்னர் அணைத்து ஆறவைத்துத் திரும்ப இயக்கினால், விரிசலுற்ற இணைப்புகள் உஷ்ணத்தில் சற்றே விரிந்து தொடுவதால் சிலமணி நேரமோ சில நாட்களோ யந்திரம் உயிர்பெறும். நெருப்பு அபாயம் நிறைந்த இந்த முறை உள்ளிருக்கும் மற்றப் பாகங்களையும் கெடுத்துவிடக்கூடியது. சற்றுக் கைத்திறன் வாய்ந்தோர், உறையைத் திறந்து, உஷ்ணந்தாங்கித் தகடுகளை மதர்போர்டோடு இறுக்கிப் பிடித்திருந்த எக்ஸ் வடிவ உலோகப் பிடிகளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் கடையில் வாங்கிய போல்ட்டும் வாஷரும் வைத்து முடுக்கினர். உறையைத் திறக்கையில் உத்தரவாத முத்திரை கிழியும். கிழிந்தால் நிறுவனத்திடம் உரிமை கோர முடியாதிருந்தது. தன் பொருளைத் தானே திறந்து பார்ப்பவன் தன் உரிமையை இழக்க நேரிடும் இந்த ஏற்பாடு நியாயமற்றது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் பல்லாயிரம் பேர் அதைப் பொருட்படுத்தாமல் திருப்புளியை எடுத்தனர். யந்திரத்தின் பின்புறம் பொருத்தும் உபரி மின்விசிறிகளை வேறு கம்பெனிகள் விற்றன.

நிலைமை மாறியது 2007 ஜூலை 5ஆம் தேதி. அன்று நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவின் உபதலைவர் பீட்டர் மூர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, மூன்று சிவப்பு விளக்குக் கோளாற்றுக்கு மட்டும் வாங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு உத்தரவாதம் அளிக்கப்படும் என்றும், இதற்குமுன் அக்கோளாற்றுக்காகக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு அத்தொகை திருப்பித் தரப்படும் என்றும் பிரகடனம் செய்தார். இதற்கென நிறுவனம் தன் கணக்கில் ஒதுக்கிய தொகை 105 கோடி முதல் 115 கோடி டாலர்! அதுவரை அனுப்பப்பட்டிருந்த யந்திரங்களோ சுமார் 1 கோடி 16 லட்சம். ஒதுக்கீட்டை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பவர், 3 முதல் 5 சதவிகிதம் என்ற பழைய கூற்று எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத் தாமே கணித்துக்கொள்ளலாம். அத்தொகைக்கு அனுமதி வேண்டித் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரிடம் சென்றபோது அவர் தயங்காமல் செய்யச் சொன்னார் என்றும், செலவில் ஏறத்தாழ 24 கோடி டாலர் ஃபெட்எக்ஸ் மூலம் யந்திரங்களை அனுப்பிப் பெறுவதற்கே ஆயிற்று என்றும் மூர் 2015இல் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார். அந்த முடிவு தாமதமானது. ஆனால் நேர்மையான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பழுதான யந்திரத்தை வைத்து அனுப்புவதற்கென நிறுவனம் தபால் செலவைத் தானே ஏற்று அனுப்பிய வெற்று அட்டைப்பெட்டியை, வாங்கியோர் ‘சவப்பெட்டி’ என்றே அழைத்தனர். திரும்பி வந்த பெட்டியில் ஒரு கடிதமும், எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் இணைய விளையாட்டுச் சேவையில் ஒரு மாதச் சந்தாவுக்கான அட்டையும் இருப்பது வழக்கம். ஆனால் பலருக்குத் தம் யந்திரம் திரும்பவில்லை. பழுது நீக்கப்பட்ட வேறொருவருடைய யந்திரமே வந்தது. விலைகொடுத்து இணையவழி இறக்கிவைத்திருந்த விளையாட்டுகளின் அனுமதி பழைய யந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், புதிய யந்திரத்தில் இணைய இணைப்பு அறுந்தால் அவை ஓட மறுத்தன; தாம் பணம் கொடுத்தது பொருளுக்கா வெறும் அனுமதிக்கா என்ற கேள்வி சாதாரண வாடிக்கையாளர் பலரின் மனத்தில் எழுந்தது இவ்வாறுதான். அவ்வனுமதிகளை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் கருவியை நிறுவனம் 2008 ஜூனில்தான் அளித்தது. அதே ஆண்டு, தமக்குப் பிடித்த விளையாட்டுகளைப் படைத்தவர்களின் கையெழுத்துகளை உறைமீது பெற்றிருந்த ஒருவரின் யந்திரம், பழுதுநீக்கும் நிலையத்தில் சுத்தமாகத் துடைக்கப்பட்டுத் திரும்பியது பலரையும் மனம் வருந்தச் செய்தது.

நிறுவனம் தராத புள்ளிவிவரத்தைப் பிறர் தேடினர். உத்தரவாதப் பத்திரங்களை விற்கும் ஸ்கொயர்டிரேட் நிறுவனம், தன்னிடம் பதிவான யந்திரங்களில் 16.4 சதவிகிதம் பழுதுற்றதாக 2008 பிப்ரவரியிலும், 16,000க்கு மேற்பட்ட யந்திரங்களை ஆராய்ந்து, இரண்டாண்டுக்குள் எக்ஸ்பாக்ஸ் 360இல் 23.7 சதவிகிதமும், பிளேஸ்டேஷன் 3இல் 10 சதவிகிதமும், நின்டெண்டோவின் வீயில் 2.7 சதவிகிதமும் பழுதாவதாக 2009இலும் அறிவித்தது. கேம் இன்ஃபார்மர் பத்திரிகை அதே 2009இல் சுமார் 5,000 வாசகரிடம் வினவியபோது, எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தோரில் 54.2 சதவிகிதம் பேர் பழுதைச் சந்தித்ததாகக் கூறினர். நாள்தோறும் நெடுநேரம் விளையாடும் வாசகர்கள் தாமே முன்வந்து சொன்ன கணக்காதலால் பின்னதைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுவது தகும். அவ்வாறு குறைத்தாலும் எஞ்சுவது அதிர்ச்சி தரும் அளவே.

இவ்வளவுக்குப் பின்னும் வாங்கியோர் அந்த யந்திரத்தைக் கைவிடவில்லை என்பதே ஆராய்ச்சிக்குரிய விஷயம். 2007 செப்டம்பரில் ஹேலோ 3 என்னும் விளையாட்டு வெளிவந்தபோது கடை வாயில்களில் நள்ளிரவு வரிசைகள் நின்றன. பழுது நீங்கி வரும்வரை காத்திருக்க மனமில்லாது இரண்டாவது யந்திரம் வாங்கியோரும் உண்டு. இதனை அறியாமை என்று தள்ளுவோர் தவறு செய்கின்றனர். நண்பர் குழாம் முழுவதும் ஒரே சேவையில் கூடி மாலைதோறும் ஒன்றாக விளையாடிவந்த நிலையில், ஒருவர் மட்டும் வேறு யந்திரத்துக்கு மாறுவது அந்தத் தோழமையினின்று விலகுவதாகவே முடியும். மூன்றாண்டு உத்தரவாதம் அந்த விசுவாசத்துக்குத் தாமதமாகவேனும் கிடைத்த மறுமொழியாயிற்று.

வன்பொருளும் படிப்படியாகத் திருந்தியது. பழுதுபார்க்கப்பட்ட யந்திரங்களில் கிராஃபிக்ஸ் செயலிக்கு உபரி உஷ்ணந்தாங்கி சேர்க்கப்பட்டது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் வந்த ஃபால்கன், ஜாஸ்பர் என்ற மாற்று வடிவங்களில் செயலிகள் சிறுத்து உஷ்ணம் குறைந்தது. தொலைக்காட்சித் திரையில் இ74 என்று காட்டும் மற்றொரு கோளாறும் 2009 ஏப்ரலில் அதே மூன்றாண்டு உத்தரவாதத்துள் சேர்க்கப்பட்டது. 2010 ஜூனில் வந்த மெலிந்த வடிவத்தில் சிவப்புக் கால்வட்டங்களே இல்லை.

சுழலும்போது தட்டில் வட்டமாகக் கீறல் விழுகிறது என்ற வேறொரு புகார் நியாயஸ்தலங்களில் நெடுங்காலம் நடந்தது. வாங்கியோரில் 0.4 சதவிகிதம் பேரே அவ்வாறு முறையிட்டனர், அதற்கும் உபயோகிப்போரின் கவனக்குறைவே காரணம் என்று நிறுவனம் வாதிட்டது. பலர் சார்பாக ஒரே வழக்காக நடத்த அனுமதி மறுக்கப்பட்டதை மேல்முறையீடு செய்ய வாதிகள் கையாண்ட வழி சட்டப்படி செல்லாது என்று, 2017 ஜூன் 12ஆம் தேதி அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. யந்திரத்தின் உற்பத்தி அதற்கு ஓராண்டு முன்னரே, 2016 ஏப்ரலில், நிறுத்தப்பட்டிருந்தது. விற்பனை மொத்தம் 8 கோடியைத் தாண்டியிருந்தது.

கோளாற்றின் காரணத்தைப் பற்றி அக்காலத்தில் நிலவிய பொதுவான எண்ணம், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் ஈயத்துக்கு விதித்த தடையையொட்டிப் பரவலான ஈயமற்ற பற்றாசு, செயலிக்கும் மதர்போர்டுக்கும் இடையே விரிசல் விட்டது என்பதாகும். மைக்ரோசாஃப்ட் 2021 டிசம்பரில் வெளியிட்ட ‘பவர் ஆன்’ என்னும் ஆவணப்படத்தில் பொறியாளர்கள் அளித்த விளக்கப்படி, அடிக்கடி இயக்கி அணைக்கையில் ஏற்படும் வெப்ப ஏற்றத் தாழ்வைத் தாங்காமல் பாகத்தின் உள்ளேயே இருந்த இணைப்புகள் முறிந்தன. பதினாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த இந்த விளக்கம், மன்னிப்புக் கேட்ட 2007இலேயே பணம் கொடுத்து வாங்கியவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.