உச்சரிக்காத திருப்பெயரும் தமிழ் தந்த சொற்களும்
நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் எனச் சிரம்பானைச் சூழ்ந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோரின் நாள், பெயர் கூப்பிடுவதில் தொடங்கியது. இருள் விலகுமுன் பெரட்டுக் களத்தில் கூடியவர்களைக் கிராணி செக்ரோலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைப்பார். அழைத்தபோது பதில் சொல்ல ஆள் இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. பெயர் என்பது அங்கே கணக்கில் ஒரு வரி. அதே மக்களுள் கிறித்தவராயிருந்தோர் ஞாயிறன்று கூடிக் கேட்ட மறைநூலிலோ, எவரும் வாய்விட்டு உச்சரிக்காத ஒரு பெயர் இருந்தது. எபிரேய மொழியின் அந்தத் திருப்பெயர் தமிழுக்குள் வந்த வழியையும், தோட்டத்து மக்களுக்கு அது உணர்த்தியிருக்கக்கூடிய பொருளையும் இவ்வுரையில் காண முற்படுகிறோம்.

அப்பெயர் நான்கெழுத்தால் ஆனது: யோத், ஹே, வாவ், ஹே. எபிரேய மறைநூலில் 6,800 முறைக்கு மேல் அது வருகிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. எனவே முற்காலத்தில் அது வழக்கிலிருந்த பெயர்தான் என்பதில் ஐயமில்லை. காலப்போக்கில் அச்சமும் அன்பும் கலந்த பணிவினால் அதனை ஒலிப்பது அருகியது. எருசலேம் ஆலயத்தில் ஆண்டுக்கொரு முறை, பாவப் பரிகார நாளில், தலைமைக் குரு அதனை உச்சரித்தார் என்று யூத மரபு கூறுகிறது. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் அந்த ஒலியும் அடங்கியது. எழுத்தில் நான்கெழுத்து நிற்க, வாசிப்பவர் 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்ற சொல்லைச் சொன்னார். பிற்கால ஏடெழுதுவோர் அச்சொல்லின் உயிர்க்குறிகளை நான்கெழுத்தோடு சேர்த்து எழுதினர். அதனை அவ்வாறே கூட்டிப் படித்ததால் பிறந்ததே 'யெகோவா' என்னும் வடிவம். மூல ஒலி 'யாவே' என்பதற்கு நெருங்கியிருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து.

பெயரைச் சொல்லாமல் போற்றும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தாய்மாரும் பாட்டிமாரும் கணவர் பெயரைத் தம் வாயால் சொல்லாத காலம் ஒன்றிருந்தது. பெயரைக் கேட்டால் பிள்ளையைச் சொல்லச் சொல்வர். அல்லது 'இன்னாருடைய அப்பா' என்பர். அவ்வழக்கத்தில் மரியாதையோடு ஆணின் மேலாண்மையும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், சொல்லாமை என்பது மறதியன்று, மிகுந்த நினைவின் அடையாளம் என்பதை விளங்கிக்கொள்ள அது நமக்கு உதவுகிறது. மறுபுறம், சைவர்க்குத் திருவைந்தெழுத்து இடையறாது ஓதுதற்குரியது. ஓதியும் போற்றலாம், ஓதாதும் போற்றலாம். ஐந்தெழுத்தும் நான்கெழுத்தும் இவ்விரு நெறிகளுக்கும் சான்றாக நிற்கின்றன.

இனி மொழிபெயர்ப்பு வரலாற்றுக்கு வருவோம். இறைவனைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்னும் வினா, தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் நூல் தன் பெயரிலேயே 'தம்பிரான்' என்ற சொல்லைத் தாங்கி நின்றது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் வழியில் 'சருவேசுரன்' என்பது கத்தோலிக்கரிடையே நிலைபெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். பீட்டர் பெர்சிவலோடு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பணியாற்றிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவப் பெரியார் ஒருவரின் தமிழறிவு கிறித்தவ மறைநூலின் உருவாக்கத்தில் பங்கேற்றது நம் மொழி வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'தேவன்' என்பதை நிலைநிறுத்தியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கடவுள்' என்றது.

இவையெல்லாம் இறைவன் என்னும் பொதுச் சொல்லுக்கு ஈடானவை. நான்கெழுத்துத் திருப்பெயருக்கு 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'கர்த்தர்' என்றும், திருவிவிலியம் 'ஆண்டவர்' என்றும் எழுதின. இரண்டும் 'அதோனாய்' என்னும் மாற்றுச் சொல்லின் வழிவந்தவை. கிரேக்கத்தில் 'கூரியோஸ்' என்றும் இலத்தீனில் 'தோமினுஸ்' என்றும் பெயர்த்த அதே மரபு இது. மிகச் சில இடங்களில் மட்டுமே 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'யேகோவா' என்ற வடிவத்தை வைத்துக்கொண்டது. 2008இல் வத்திக்கான், திருவழிபாட்டில் இப்பெயரை ஒலிக்க வேண்டாம் என உலகெங்குமுள்ள ஆயர்களுக்கு எழுதியபோதும் இப்பழைய பணிவையே நினைவூட்டியது.

உச்சரிக்கவில்லை என்று எண்ணிய பெயர் வேறு வழியில் நம் நாவில் ஏறியிருந்தது. 'அல்லேலூயா' என்னும் சொல்லின் இறுதி 'யா' அத்திருப்பெயரின் சுருக்கமே. 'யாவைப் புகழுங்கள்' என்பது அதன் பொருள். ஏசாயா, எரேமியா, எலியா என்னும் பெயர்களின் ஈற்றிலும் அதுவே உள்ளது. யோவான் என்பதன் முதலெழுத்தும் அதன் சாயலே. அப்பெயர்க்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது பொருள். கத்தோலிக்கத் தமிழர் அந்தப் பொருளைப் பற்றிக்கொண்டு 'அருளப்பர்' என்றனர். சீர்திருத்தச் சபையார் ஒலியைக் காத்து 'யோவான்' என்றனர். ஒரு லயத்தில் அருளப்பனும் அடுத்த லயத்தில் யோவானும் வாழ்ந்தால், அவர்கள் ஒரே பெயரின் இரு வடிவங்கள். பெரட்டில் அவர்களை அழைத்த கிராணியும் அறியாமலே அத்திருப்பெயரின் நிழலைத் தொட்டிருப்பார்.

அப்பெயரின் உட்பொருள் யாது? விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தில் எரியும் முட்செடியின் நடுவிலிருந்து மோசேக்கு விடை கிடைக்கிறது. அங்கு வரும் எபிரேய வினை 'இரு' என்னும் பொருளுடையது. அதன் வடிவம் 'இருக்கிறேன்' என்றும் 'இருப்பேன்' என்றும் கொள்ள இடந்தருவது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'இருப்பவர்' என்று மெய்ப்பொருள் நோக்கில் பெயர்த்தனர். ஆனால் அதற்குச் சற்று முன்னரே, அதே வினை 'உன்னோடு இருப்பேன்' என்னும் வாக்குறுதியில் வருகிறது. ஆகவே அது வெறும் உளதாம் தன்மையைக் கூறுவதன்று. உடனிருப்பைக் கூறுவது என்று கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விடத்தில் நம் மொழி பெருந்துணை செய்கிறது. தமிழில் 'இரு' என்பது உளதாதலையும் தங்குதலையும் ஒருங்கே குறிக்கும். துக்க வீட்டில் நாம் பல சொல்வதில்லை. 'நான் இருக்கிறேன்' என்கிறோம். அச்சொல் இருப்பைப் பற்றிய தத்துவமன்று. கைவிடேன் என்னும் உறுதி. எபிரேயத் திருப்பெயரின் ஆன்மிகப் பொருளைத் தமிழன் ஒருவனுக்கு விளக்க இதனினும் எளிய வாசல் இல்லை என்பது நம் துணிபு.

அந்த உறுதியை முதலிற் கேட்டவர் யார் என்பதும் கருதத்தக்கது. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளுக்காகவே அப்பெயர் வெளிப்பட்டது. அவர்களை வேலை வாங்கிய அதிகாரிகளை 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'ஆளோட்டிகள்' என்கிறது. மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938 வரை தொடர்ந்தது. ஆளோட்டி என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டிய நிலை தோட்டத்து மக்களுக்கு இல்லை. இன்னொரு வியப்பும் உண்டு. சபையை மேற்பார்க்கும் மூப்பரைக் குறிக்க அதே பதிப்பு ஆள்வது 'கண்காணி' என்னும் சொல். ஒரே சொல் பெரட்டில் அச்சத்தையும் ஜெபக்கூடத்தில் அக்கறையையும் குறித்து நின்றது. சொற்களின் வரலாறு மக்களின் வரலாறே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, சில நகரங்களாயின. லயங்கள் இடிக்கப்படும்போது கோயிலும் ஜெபக்கூடமும் இடம்பெயர்கின்றன, அல்லது மறைகின்றன. அவற்றோடு சருவேசுரன், பராபரன், கர்த்தர் போன்ற வழிபாட்டுச் சொற்களும், ஒரே வரிசை வீடுகளில் இந்துக்களின் 'சாமி'யோடு அவை பழகிய முறையும் நினைவிலிருந்து நழுவுகின்றன. முதியோர் இல்லத்திலும் பெட்டியடியிலும் கிடக்கும் பழைய செபநூல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் திரட்டுவதும், மூத்தோர் வாய்மொழியைப் பதிவதும் சமயப் பணி மட்டுமன்று, மொழிப் பணியாகும். பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதப்பட்ட ஒரு சமூகம், தான் மிகவும் போற்றிய பெயரை எச்சொல்லால் அழைத்தது என்பதை நாம் எழுதி வைக்க வேண்டும். செக்ரோலில் அதற்கு இடமில்லை.