செட்டில்மெண்ட் பத்திரத்தில் எழுதாத நிபந்தனை

பெற்றோர் தம் வீட்டைப் பிள்ளைக்குக் குறைந்த விலையில் கொடுக்க நினைத்தால், தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் கட்டுப்படியாவதில்லை. வழிகாட்டி மதிப்பில் ஒரு கோடி பெறும் வீட்டை நாற்பது லட்சத்துக்கு எழுதினாலும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு அந்த ஒரு கோடிக்கே விழும். மூலதன ஆதாய வரிக்கும் வழிகாட்டி மதிப்புதான் அடிப்படை. அதே வீட்டைக் குடும்பத்துக்குள் விலையின்றிக் கொடுக்கும் செட்டில்மெண்டாக எழுதினால், 2023 ஜூலையில் உயர்த்திய உச்சவரம்புப்படியும் தீர்வை 40,000, பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆதாய வரியும் இல்லை. வீட்டுக்குள் பேசிக்கொண்டது எதுவானாலும் பத்திரம் செட்டில்மெண்டாகவே அமைவது இதனால்தான்.

விலையில்லாமல் கொடுத்ததாகப் பத்திரம் சொன்னாலும் விலை இருக்கத்தான் செய்கிறது. கடைசி வரை சோறு, மருந்து, அந்த வீட்டிலேயே ஓர் அறை என்பதே அது. பத்திர எழுத்தரின் வாசகத்தில் இதற்கு இடமில்லை. ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ எழுதிக்கொடுப்பதாகத் தொடங்கி, இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளச் சொல்லி, எக்காலத்திலும் ரத்து செய்வதில்லை என்று முடித்துவிடுவார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இப்படி விலையின்றிக் கொடுத்த தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி திரும்பப் பெற விடுவதில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) இங்கே ஒரு வழி திறந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை வெளிப்படையாக இருக்க வேண்டுமா? 2022 டிசம்பரில் அரியானா வழக்கொன்றில், நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கில், சட்டத்தை முதியோர் பக்கம் தாராளமாகப் பொருள்கொண்டு தாயிடம் வீட்டைத் திருப்பியது. ஆனால் அந்தத் தாயிடம் மகன் எழுதித்தந்த உறுதிமொழிப் பத்திரம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பின்பேரில் கொடுத்தது என்பதற்குள்ளேயே நிபந்தனை அடங்கியிருப்பதாகக் கண்டது.

மனிதநேயமான முடிவுதான். ஆனால் பத்திரத்தில் இல்லாத நிபந்தனை வில்லங்கச் சான்றில் தெரியாது. மகனிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்குபவரும் கடன் கொடுக்கும் வங்கியும் அதை எப்படி அறிவார்கள்? சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமையைக்கூட, விவரம் அறியாமல் விலைகொடுத்து வாங்கியவர்மீது செலுத்த முடியாது என்கிறது அதே 23ஆம் பிரிவு. ஆக, எழுதாமல் விட்ட நிபந்தனை, வீடு கைமாறியதும், எந்தத் தாய்க்காகக் கண்டறியப்பட்டதோ அவருக்கே உதவாமல் போகக்கூடும். தீர்வைச் சலுகை தரும் அரசு, ஆயுட்கால அனுபவ உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் அடங்கிய ஒரு பத்தியை மாதிரிப் பத்திரத்திலேயே வைக்க வேண்டும். வேண்டாம் என்பவர் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

அப்படிப்பட்ட பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவது கடினம் என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், உண்மைதான். வீட்டை இடித்துக் கட்டக் கடன் தேவைப்படும் குடும்பம் முதலில் பேசித் தீர்க்க வேண்டியதும் இதையே. 2007 சட்டத்துக்குப் பிறகு பழைய வாசகத்தில் பதிவாகிவிட்ட பத்திரங்களுக்கு மாதிரிப் பத்திரத்தில் செய்யும் இந்தத் திருத்தம் பயன்படாது. அவற்றை எழுதிக்கொடுத்த முதியவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தாராளமான பொருள்கோள் ஒன்றே துணை.