ஊசி மேல் விழுந்த பழி

பி.காம் படிக்கிறவனுக்கு வலிப்பு நோய் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள் நண்பர்களே. ஒட்டுறவு வேறு, காரணம் வேறு என்று புள்ளியியலில் படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டோம். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது.

1974-ல் லண்டன் டாக்டர்கள் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கக்குவான் இருமல் தடுப்பூசி போட்ட பிறகு வலிப்பு, மூளை பாதிப்பு என்று வந்த 36 குழந்தைகளைப் பற்றியது. பத்திரிகைகளும் டிவியும் அதைப் பிடித்துக்கொண்டன. சில வருடங்களிலேயே பிரிட்டனில் அந்த ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். 1977-79ல் கக்குவான் இருமல் மறுபடி பெரிதாகப் பரவியது. குழந்தைகள் இறந்தும் போனார்கள்.

பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லை. ஊசி போட்டார்கள், காய்ச்சல் வந்தது, பின்னாலேயே வலிப்பும் வந்தது. வேறு என்னதான் நினைப்பார்கள்?

1978-ல் பிரான்ஸ் டாக்டர் ஷார்லட் டிராவே ஒரு தனி வகை வலிப்பை விவரித்தார். நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஒரு வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட நேர வலிப்பு வரும். இரண்டாம் வயதிலிருந்து பேச்சும் நடையும் பின்தங்கும். தூக்கத்திலும் வலிப்பு வருவதால் பெற்றோருக்கும் ராத்திரித் தூக்கம் போச்சு. முக்கியமான விஷயம், இந்த வலிப்பு தொடங்குவதும் தடுப்பூசி போடுவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான்!

2001-ல் பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடித்தார்கள். பெயர் எஸ்.சி.என்.1ஏ. நரம்பு செல்லுக்குள் சோடியம் போகும் வாசலை அமைப்பது இதன் வேலை. இதில் பழுது வந்தால் மூளையில் பிரேக் போடும் செல்கள் தளர்ந்துவிடும். அவர்கள் சோதித்த 7 குழந்தைகளுக்கும் பழுது இருந்தது, பெற்றோருக்கு இல்லை. குழந்தையிடம் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது.

2006-ல் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிக் குழு, தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரைச் சோதித்தது. 11 பேரிடம் அதே ஜீனில் பழுது! ஊசிக் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் சீக்கிரம் கிளப்பலாம். ஆனால் ஊசி போடாமல் இருந்தாலும் நோய் வந்தே இருக்கும்.

"நான்தானே தூக்கிக்கொண்டு போய் ஊசி போட வைத்தேன்" என்று வருடக்கணக்கில் குமைந்த அம்மாக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த ரிசல்ட் பேப்பர் நோயைக் குணமாக்கவில்லை. பழியையாவது இறக்கி வைத்தது. இன்னொரு பலனும் உண்டு. கார்பமசெபின் மாதிரி சில வலிப்பு மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பை அதிகமாக்கும். காரணம் தெரிந்தால் அவற்றைத் தவிர்க்கலாம்.

அடுத்த முறை ஒட்டுறவு கணக்கு போடும்போது இந்த 14 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.