கால் ஆஃப் டூட்டி: எதிர்காலப் போர்க்களமும் ரசிகர்களின் எதிர்ப்பும்

கால் ஆஃப் டூட்டி என்பது அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்டுவரும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுத் தொடர். முதல் ஆட்டம் 2003 அக்டோபரில் வந்தது. 2005 முதல் ஆண்டுதோறும் ஒரு புதிய ஆட்டம் வந்துகொண்டிருக்கிறது. ஆடுபவரின் கண்வழியாகவே களம் தெரியும். திரையின் கீழே கையும் துப்பாக்கியும் மட்டும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய இந்தத் தொடர் சில ஆண்டுகளில் விண்வெளிவரை போனது. 2016-இல் அதன் ரசிகர்களே அதற்கு எதிராகத் திரும்பினர். கணினி விளையாட்டுகளின் வரலாற்றில் ரசிகர் எதிர்ப்புக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டைச் சொல்வது கடினம். இந்தியாவில், குறிப்பாகக் கைப்பேசியில் ஆடும் நம் பிள்ளைகளிடம், இதன் எதிரொலி சற்றுத் தாமதமாகவும் வேறு வடிவிலும் வந்தது.

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை உண்டு. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு நார்மண்டிக் கடற்கரை தெரிந்திருந்தால், அது பாடப்புத்தகத்தால் மட்டும் தெரிந்ததாக இருக்காது.

உலகப் போரில் தொடங்கி

முதல் ஆட்டத்தை உருவாக்கிய இன்ஃபினிட்டி வார்டு நிறுவனம் 2002-இல் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் பலர் அதற்கு முன் மெடல் ஆஃப் ஹானர் என்ற உலகப் போர் விளையாட்டில் பணியாற்றியவர்கள். தனி ஒரு வீரசூரன் நூறு பேரைச் சாய்ப்பதாக இல்லாமல், படைப்பிரிவில் ஒருவனாக நின்று சண்டையிடும் உணர்வைத் தந்ததால் இவர்களுடைய ஆட்டம் பேர் வாங்கியது. அமெரிக்கன், பிரிட்டிஷ்காரன், சோவியத் வீரன் என மூவர் வழியாகக் கதை நகரும்.

அடுத்த இரண்டு ஆட்டங்களும் அதே போரைச் சுற்றியே வந்தன. மற்ற நிறுவனங்களும் இதே போரையே பிடித்துக்கொண்டிருந்ததால், ஆடுபவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் சலிப்புத் தட்டியது. "இன்னும் எத்தனை தடவை அதே கடற்கரையில் இறங்குவது?" என்பதுதான் அன்றைய முணுமுணுப்பு. 2007-இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் களத்தை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்தது. அதன் வெற்றி தொடரின் போக்கையே மாற்றியது. 2011-இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தின் தொடக்கக் காட்சிகளில் ஒன்று நம் இமாச்சலப் பிரதேசத்தில் நடக்கிறது. இந்தியா இந்தத் தொடரில் தலைகாட்டிய அரிய இடங்களில் அது ஒன்று.

காலம் மாறியதை ரசிகர்கள் ஒருமுறை மகிழ்ச்சியோடு வரவேற்றிருக்கிறார்கள் என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016-இல் நடந்ததைப் 'பழமை விரும்பிகளின் கூச்சல்' என்று சுருக்கிவிட முடியாது.

மூன்று ஆண்டுகள், மூன்று எதிர்காலங்கள்

2012-இல் வந்த பிளாக் ஆப்ஸ் 2 பாதிக் கதையை 2025-ஆம் ஆண்டில் வைத்தது. அப்போது அது எதிர்காலம்! 2014-இல் ஸ்லெட்ஜ்ஹாமர் நிறுவனம் உருவாக்கிய அட்வான்ஸ்டு வார்ஃபேர் 2050-களுக்குத் தாவியது. வீரர்களின் உடல்மேல் இயந்திரக் கவசம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதன் விசையில் இரண்டு மாடி உயரம் எகிறலாம், காற்றிலேயே பக்கவாட்டில் பாயலாம். 2015-இல் டிரேயார்க் நிறுவனத்தின் பிளாக் ஆப்ஸ் 3 வந்தது. அதில் வீரர்கள் சுவர்மேல் ஓடினார்கள்.

இதில் விற்பனைக்குக் குறைவு ஒன்றும் ஏற்படவில்லை. மனக்குறை மட்டும் சேர்ந்துகொண்டே வந்தது. அந்த மனக்குறை காட்சியைப் பற்றியது அல்ல, ஆட்டத்தின் இலக்கணத்தைப் பற்றியது. பழைய ஆட்டத்தில் தரைதான் எல்லாம். எந்த மூலையில் பதுங்கலாம், எந்தச் சன்னலைக் கண்காணிக்க வேண்டும், எதிரி எந்தச் சந்து வழியாக வருவான் என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஆடிப் பெற்ற அறிவு. எல்லாரும் பறக்கத் தொடங்கியதும் அந்த அறிவு செல்லாக்காசாயிற்று. பிரவுசிங் சென்டர் நடத்திவந்த என் பழைய மாணவர் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "சார், முன்னாடி ஆள் எங்க இருப்பான்னு யோசிச்சு சுடுவோம், இப்ப வானத்தப் பாத்துக்கிட்டே செத்துப்போறோம்." 'கால் தரையில் பட வேண்டும்' என்பதுதான் உலகெங்கும் ரசிகர்கள் எழுப்பிய முழக்கம்.

நிறுவனம் ஏன் உடனே திரும்பவில்லை? அங்கேதான் தொழில்முறையின் சிக்கல் இருக்கிறது. அப்போது மூன்று நிறுவனங்கள் மாறிமாறி இந்தத் தொடரை உருவாக்கின. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டு அவகாசம். 2016-இல் வரவேண்டிய ஆட்டத்தின் களம், 2014-இன் ஆட்டம் கடைக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். ரசிகர் சலித்துப்போன செய்தி வந்து சேரும்போது அடுத்த வண்டி புறப்பட்டிருக்கும்.

2016 மே

மே 2 அன்று இன்ஃபினிட் வார்ஃபேர் ஆட்டத்தின் முன்னோட்டம் யூடியூபில் வந்தது. பூமியின்மீது தாக்குதல், விண்கப்பல்கள், செவ்வாய்க் கோளிலிருந்து வரும் எதிரிப்படை. எதிர்காலம் இந்த முறை பூமியையே விட்டுவிட்டது. விருப்பமின்மையைக் காட்டும் கட்டைவிரல் பொத்தானை ரசிகர்கள் அழுத்தத் தொடங்கினர். எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டியது; நாளடைவில் 30 லட்சத்தையும் தாண்டியது. யூடியூபிலேயே மிக அதிகம் வெறுக்கப்பட்ட காணொளிகளின் வரிசையில் அது அப்போது இரண்டாம் இடம்வரை ஏறியது.

நான்கு நாள் கழித்து, மே 6 அன்று, போட்டித் தொடரான பேட்டில்ஃபீல்டு தன் அடுத்த ஆட்டத்தை அறிவித்தது. அதன் களம் முதல் உலகப் போர். பதுங்குகுழிகள், குதிரைப்படை, ஆகாயக் கப்பல், நச்சுவாயு. அந்த முன்னோட்டத்துக்கு விருப்பங்கள் 20 லட்சத்தைத் தாண்டின. ஒருவர் நூறாண்டு முன்னே போக, மற்றவர் நூறாண்டு பின்னே போனார். கூட்டம் பின்னே போனவர் பக்கம் சாய்ந்தது.

ஆக்டிவிஷனின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் எரிக் ஹிர்ஷ்பெர்க் பதற்றம் காட்டவில்லை. பிளாக் ஆப்ஸ் 2 முன்னோட்டத்துக்கும் முன்பு இப்படி வெறுப்பு குவிந்தது, பிறகு அது பெரும் வெற்றி பெற்றது என்று முதலீட்டாளர்களிடம் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நவம்பர் 4 அன்று வெளியான இன்ஃபினிட் வார்ஃபேர்தான் அமெரிக்காவில் அந்த ஆண்டு அதிகம் விற்ற விளையாட்டு. பொத்தானை அழுத்தியவர்களில் எத்தனையோ பேர் காசு கொடுத்து வாங்கவும் செய்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். மறுபாதி, முந்தைய ஆட்டங்களோடு ஒப்பிட்டால் தெரியும். பிரிட்டனில் முதல் வார வட்டு விற்பனை, அதற்கு முந்தைய ஆண்டின் ஆட்டத்தைவிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

விற்பனைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2007-இன் மாடர்ன் வார்ஃபேர் புதுக்கித் தரப்பட்டு, இந்த ஆட்டத்தின் விலை கூடிய பதிப்புகளோடு மட்டும் இணைத்து விற்கப்பட்டது. பழையது வேண்டுமென்றால் புதியதையும் வாங்கித்தான் ஆகவேண்டும். தீபாவளிக்கு விற்காத சரக்கைப் பட்டாசுப் பெட்டியில் சேர்த்துக் கட்டுவதைப் போன்ற ஏற்பாடு. ரசிகர்களின் கோபத்தை இது தணிக்கவில்லை, கூட்டியது. அந்தப் புதுக்கிய ஆட்டம் தனியாகக் கிடைப்பதற்கு 2017-இன் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2017-இன் தொடக்கத்தில் நிறுவனம் இறங்கிவந்தது. விண்வெளிக் களம் ரசிகர் பலரைக் கவரவில்லை என்று ஒப்புக்கொண்டு, வேர்களுக்குத் திரும்புவதாக அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று வந்த ஆட்டத்தின் பெயரே இரண்டாம் உலகப் போர்தான். மூன்று நாளில் 50 கோடி டாலர் ஈட்டியது.

எந்த உண்மைக்குத் திரும்பினார்கள்?

ரசிகர்கள் கேட்டது 'உண்மையான போர்'. கிடைத்தது மறுபடியும் நார்மண்டி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். 1944-இல் இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானியப் படை தடுத்து நிறுத்தப்பட்டது. இந்தக் களங்கள் கால் ஆஃப் டூட்டியின் முதன்மை ஆட்டங்கள் எதிலும் இடம்பெறவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழர்களைப் பற்றியோ, அதே தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களைப் பற்றியோ சொல்ல வேண்டியதே இல்லை. முதல் உலகப் போருக்கும் அப்படித்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ஊரில் இன்றும் சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்கிறோம். பேட்டில்ஃபீல்டு ஆடிய பையனும் அதே சொல்லைச் சொல்கிறான். அது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது.

ஏன், எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் ஒருபுறம், கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் ஆங்கிலேயர் மறுபுறமாகச் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதினார்கள். முதலாம் மைசூர்ப் போரின் முக்கியமான சண்டைகள் இவை. கிரிவலப் பாதையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே ரசிகர்கள் 'உண்மை' என்று சொன்னது வரலாற்றை அல்ல, தங்களுக்குப் பழகிப்போன ஒரு கற்பனையைத்தான் என்பது என் கருத்து. இதற்கு வலுவான சான்று இந்தியாவிலேயே உண்டு. 2021 ஜனவரி 26 அன்று பெங்களூரு நிறுவனம் ஒன்று ஃபௌஜி என்ற விளையாட்டை வெளியிட்டது. களம் கல்வான் பள்ளத்தாக்கு. 2020 ஜூனில் அங்கே நடந்த மோதலில் துப்பாக்கி பயன்படுத்தப்படவில்லை. ஆட்டத்திலும் முதலில் கைகலப்பு மட்டுமே இருந்தது. நடந்ததை ஒட்டி அமைத்தது அதுதான். ஆனால் 'துப்பாக்கி எங்கே?' என்ற கேள்வியோடு பதிவிறக்கத் தளத்தில் அதன் மதிப்பெண் சில நாள்களிலேயே சரிந்தது.

நம்மூர் ஆட்டக்காரர்கள்

2016-இன் எதிர்ப்பில் தமிழ்நாட்டு இளைஞர்களும் கலந்திருப்பார்கள். ஆனால் இங்கே அது பெரும்பாலும் வேறு உருவம் எடுத்தது: புதியதை ஆடாமல் இருப்பது. இன்ஃபினிட் வார்ஃபேருக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமும் சுமார் 70 ஜிபி இடமும் தேவை. மாவட்டத் தலைநகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் அப்படிப்பட்ட கணினி எங்கே இருந்தது? 2007-இன் ஆட்டமும் கவுன்டர் ஸ்டிரைக்கும் அந்தப் பழைய கணினிகளில் ஓடின. பையன்கள் மணிக்கணக்குக் காசு கொடுத்து அவற்றையே ஆடினார்கள். பிடிவாதம் பாதி, வசதியின்மை பாதி.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் ஆட்டம் கைப்பேசிக்கு மாறியது. 2018-இல் வந்த பப்ஜி மொபைல் பிள்ளைகளைப் பிடித்த பிடி எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. கால் ஆஃப் டூட்டியின் கைப்பேசி வடிவம் தடைப்பட்டியலில் இல்லாததால் பலர் அதற்குத் தாவினார்கள்.

பிறகு கால் ஆஃப் டூட்டி நடந்த அதே பாதையில் பப்ஜியும் நடந்தது. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 பிப்ரவரியில் பப்ஜி நியூ ஸ்டேட் என்ற ஆட்டத்தை அறிவித்தது. கதை நடப்பது 2051-இல். டிராய் என்ற புதுக் களம், மின்சாரக் கார்கள், டிரோன்கள், விரித்து நிறுத்தும் கேடயம். நவம்பர் 11 அன்று வெளிவருமுன் உலகெங்கும் 5 கோடிக்கு மேல் முன்பதிவு நடந்தது. வந்த முதல் நாளே சர்வர் தகராறு செய்தது. இந்திய ஆட்டக்காரர்கள் ஆவலோடு பதிவிறக்கினார்கள், சுற்றிப் பார்த்தார்கள், பெரும்பாலானோர் அதே ஆண்டு ஜூலையில் வந்திருந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார்கள். அது பழைய பப்ஜியின் இந்திய வடிவம். எராங்கல் தீவும் வாணலிச் சட்டியும் அப்படியே இருந்தன. ஓராண்டில் அதன் பயனர் 10 கோடியைத் தொட்டனர்.

இங்கே 30 லட்சம் வெறுப்புக் கட்டைவிரல்கள் இல்லை, முழக்கம் இல்லை. நியூ ஸ்டேட்டை உருவாக்கியவர்கள் 2051-இன் களத்தோடு எராங்கல் தீவையும் எதிர்கால ஒப்பனை போட்டு முதலிலேயே சேர்த்திருந்தார்கள். கால் ஆஃப் டூட்டியின் பட்டறிவு அவர்களுக்கு எட்டியிருந்ததோ என்னவோ. ஒப்பனை போட்ட ஊரைவிடப் பழைய ஊரே பிள்ளைகளுக்குப் பிடித்தது.

2024 அக்டோபரில் புனேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் இந்தஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சிந்துவெளி நாகரிகம் அழியாமல் விண்வெளிவரை வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனையைத் தழுவியது அது. இந்திய எதிர்காலத்தைக் களமாகக் கொண்ட பெரிய முயற்சிகளில் இது முன்னோடி எனலாம்.

வெறுப்புப் பொத்தானின் எண்ணிக்கையை 2021 நவம்பர் முதல் யூடியூப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. இன்ஃபினிட் வார்ஃபேர் முன்னோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது; அதன்கீழ் இப்போது தெரிவது விருப்பங்களின் எண்ணிக்கை மட்டுமே.