மூன்றாவது கியருக்கு வெட்டிய சாலை

"இதுலயா மாமா மலை ஏறப்போறீங்க?" என்று கேட்டபடியேதான் அக்கா மகன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். கேட்டதில் தப்பில்லை. என் புல்லட் 1984-ஆம் வருடத்து வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். அவனுடைய புது வண்டியைத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். புது வண்டிகள் எந்த ஏற்றத்தையும் ஒரே மாதிரி விழுங்கிவிடும். இந்தக் கிழவன் அப்படியில்லை. சாலை கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், முனக ஆரம்பித்துவிடுவான். சாலையை வெட்டியவன் யாருக்காக வெட்டினான் என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த முனகல்தான் வேண்டியிருந்தது.

சத்தியமங்கலத்தில் கிளம்பி, பவானிசாகர் அணையருகே வண்டியை நிறுத்தியபோது மணி ஆறேகால். ஆவணி மாதம், நீர்த்தேக்கம் தளும்பிக்கொண்டிருந்தது. "இங்க என்ன இருக்கு?" என்றான். பார்க்க ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் டணாயக்கன் கோட்டை கிடக்கிறது. ஹொய்சளர் காலத்துத் தண்டநாயகர்களின் பெயரைச் சுமந்த ஊர். 1800-இல் பிரான்சிஸ் புக்கானன் கொங்குநாட்டைச் சுற்றியபோது இங்கே தங்கித்தான் மலைமேல் அரக்கோடு வரை ஏறிவிட்டு வந்தார். சாலை வருவதற்கு முன்பே மலையில் ஒற்றையடித் தடங்கள் இருந்தன. மலைக்காரர்கள் இறங்கினார்கள், உப்பும் துணியும் ஏறின. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த அணை ஊரை மூடிவிட்டது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும். எங்களுக்குத் தெரிந்தது இரண்டு பரிசல் மட்டுமே.

சிறுமுகை வழியாகப் போனோம். பாக்கும் வாழையுமாக நிழல் விழுந்த சாலை, நான்காவது கியர், பேச எதுவும் இல்லை.

சிறுமுகையைச் சும்மா கடந்துவிடக் கூடாது. மலைக்கு வெட்டிய முதல் பாதை இங்கிருந்துதான் கிளம்பியது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் 1818-இல் மேலே போய்விட்டு வந்து, கீழே வெயில் கொளுத்தும்போது அங்கே குளிர் நடுக்குகிறது என்றார்கள். புகையிலை கடத்தியவனை விரட்டிக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கொஞ்சம் அதிகப்படியான சுவாரசியம். 1819-இல் சல்லிவனே ஏறினார். 1821-இல் லெப்டினன்ட் மெக்ஃபர்சன் மேற்பார்வையில் பாதை வேலை தொடங்கி, 1823-இல் முடிந்தது. சிறைக்கைதிகளையும் வேலைக்கு இறக்கினார்கள். அடிவாரத்து மலைக்காய்ச்சலுக்குக் கைதியென்றும் கலெக்டரென்றும் பேதம் தெரியாது. ஆனால் கலெக்டர் அங்கே ஒரு ராத்திரி தங்குவார், கைதி மாதக்கணக்கில் கிடப்பான். பாதைக்குப் பெயர் வைத்தபோது அவர்களில் ஒருவனும் நினைவுக்கு வரவில்லை.

அது வண்டிப் பாதை இல்லை. மட்டக்குதிரைக்கும் டோலி தூக்குகிறவன் காலுக்கும் வெட்டியது. மனிதக் காலுக்குக் குறுக்குவழிதான் பிடிக்கும், செங்குத்தானாலும் மூச்சுப் பிடித்து ஏறிவிடும். பாரம் ஏற்றிய மாடு அப்படி ஏறாது. ஏறுவதைவிட இறங்குவது அதற்கு இன்னும் ஆபத்து, வண்டியின் மொத்தக் கனமும் நுகத்தடி வழியாகக் கழுத்தில் வந்து உட்கார்ந்துவிடும். 1860-களில் மேலே காப்பியும் சிங்கோனாவும் பெருகி, மூட்டைகள் இறங்கியாக வேண்டும் என்றானபோதுதான் சாலைகளை மாட்டுக்கு ஏற்ற சாய்வில் மறுபடி வெட்டினார்கள். சாலை நீளமாயிற்று, வளைவுகள் கூடின.

மேட்டுப்பாளையத்தில் இட்லி முடித்துக் கோத்தகிரி சாலையில் திரும்பினோம். முதல் வளைவிலேயே மூன்றாவது கியருக்கு இறக்கினேன். அப்புறம் குஞ்சப்பனை வரை பெரும்பாலும் அதிலேயேதான். இரண்டு ஆள் பாரம், நாற்பது வருட இஞ்சின், ஆனாலும் திணறல் இல்லை. வளைவில் மட்டும் இரண்டாவது, நிமிர்ந்ததும் மூன்றாவது. மாடு எந்த வேகத்தில் மூச்சுவாங்காமல் நடக்குமோ அந்தச் சாய்வில் வண்டியும் சுகமாகப் போகிறது. பலாச்சுளை வாசனை இன்னும் மிச்சமிருந்தது. பலா சீசனில் இந்தப் பக்கம் யானைகள் இறங்கும் என்பதால் மாப்பிள்ளை ஹாரன் அடிக்கச் சொன்னான். அடிக்கக் கூடாது என்றேன். அதற்கப்புறம் கோத்தகிரி வரை அவன் பேசவில்லை.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மாறிற்று. டப் டப் என்பதற்கு நடுவே ஒரு தும்மல். டீக்கடை ஓரம் நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. மேட்டுப்பாளையத்துக் காற்றுக்கு வைத்த கார்புரேட்டர், உயரத்தில் காற்று மெலிந்ததும் பெட்ரோல் அதிகமாகிப் புகை கட்டிவிடுகிறது. உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எத்தனாவது வருசத்து வண்டிங்ணா?"

"எம்பத்தி நாலுங்க."

"அப்பிடீன்னா மலை ஏறுனா தும்மத்தான் செய்யும். எங்க அப்பாருதும் அப்பிடித்தான் இருந்துச்சுங்." டீயில் சர்க்கரை தாராளமாக இருந்தது.

கோத்தகிரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு. 1819-இல் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா அங்கே இருக்கிறது, இன்று நினைவு இல்லம். ஊட்டிக்கும் முன்னால் வெள்ளைக்காரர் குடியேறிய இடம் இதுதான். சுற்றிலும் படுகர் ஊர்களும் தேயிலையும். இத்தனை சாதாரணமான கட்டடமா என்று மாப்பிள்ளைக்கு ஏமாற்றம். எனக்கு அதுதான் பிடித்தது. மேலே சுமந்துவர முடிந்த அளவுக்குத்தான் வீடு. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனை உத்திரங்களைக் கொண்டுவந்ததற்கு யானைகளே வேண்டியிருந்தன. சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவின் கல்லறையும் அந்தச் சர்ச்சில்தான் இருக்கிறது.

குன்னூர் போய்ச் சேர்ந்தபோது சாரல். இறங்குகிற சாலைக்கு இரண்டு பிறவி. கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-களின் தொடக்கத்தில் லெ ஹார்டி என்ற அதிகாரி வெட்டியது முதலாவது. செங்குத்து. பார வண்டிக்கு ஆகவில்லை. 1871-இல் கர்னல் லா வெட்டியதுதான் இன்று நாம் போகும் சாலை, லாஸ் அருவிக்குப் பெயர் கொடுத்தவர் அவர். இரண்டே வருடத்தில் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. அங்கிருந்து மலையேறும் பல்சக்கர ரயில் குன்னூரைத் தொட 1899 ஆகிவிட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டு முழுக்க ரயிலுக்கும் குன்னூருக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் சுமந்தது இந்தச் சாலைதான்.

ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி சாலையில் முன்பொருமுறை போயிருக்கிறேன், முப்பத்தாறு வளைவு. முதல் கியரில் வண்டி அழுதது, நானும்தான். அதன் பக்கத்தில் லா வெட்டியது மெத்தை.

"இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று மஞ்சள் பலகைகள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. தேய்ந்திருந்த பிரேக் ஷூவை மாற்றாமல் கிளம்பியது என் சோம்பேறித்தனம். பர்லியாருக்கு மேலே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போக ஆரம்பித்தது. மாப்பிள்ளை என் தோளை இறுக்கிப் பிடித்தான். இரண்டாவதிலேயே, இஞ்சின் முறுக்கத்திலேயே ஊர்ந்து, பர்லியார் பழக்கடை ஓரம் ஒதுக்கி, ட்ரம் ஆறும்வரை மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் உருளைக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவது. கிளீனர் குதித்து இறங்கிப் பின் டயருக்கு மரக்கட்டை வைத்தார். வீல் அருகே ஒருமுறை கை நீட்டிவிட்டு, என் வண்டியைப் பார்த்தார்.

"ஓட்டறவரு ரெண்டாவதுலதான் வந்தாருங். இருந்தும் பாருங்க, கை வெக்க முடியல" என்றார். ஆளுக்கொரு மங்குஸ்தான் கொடுத்தோம். ஓட்டுநர் அதற்குள் ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்துத் தூங்கியிருந்தார்.